பிரெட்டில் பூஞ்சை: கவலை வயிற்றுக்கா, மூக்குக்கா?

(காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டம் முடிந்த பிறகு நம் கிளப் ஹவுஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் பி பிளாக்கில் குடியிருப்பவர். உணவுத் துறையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். – ஆசிரியர் குழு)

மெயின்டெனன்ஸ் பாக்கி, லிஃப்ட் சர்வீஸ், தண்ணீர் லாரி எல்லாம் பேசி முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். சுண்டல் என் பேச்சுக்குப் பிறகுதான் என்று செக்ரட்டரி அறிவித்ததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை.

இந்தப் பேச்சுக்குக் காரணம் நம் வாட்ஸ்அப் குரூப்தான். ஏ பிளாக்கில் ஒருவர் பிரெட் பாக்கெட்டின் பின்பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். 'ஐஎன்எஸ் 1100' என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "இது பூஞ்சையிலிருந்து எடுப்பதாம், நம் குழந்தைகளுக்குத் தினமும் கொடுக்கிறோம்" என்று ஒரு செய்தி. அதற்குக் கீழே நாற்பது பதில்கள். இது சைவமா அசைவமா என்று ஒரு மாமி கேட்டிருந்தார். இனிமேல் பிரெட்டே வாங்கப் போவதில்லை என்று இன்னொருவர். நான் டைப் அடிப்பதில் ரொம்ப ஸ்லோ. அதனால் நேரில் பேசிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அது பெரும்பாலும் பூஞ்சையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 1100 என்றால் அமிலேஸ் என்ற நொதி. நொதி என்றால் என்ஸைம். சாப்பிடுகிறவருக்கு அதனால் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியவர் வேறு ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிப் பேசத்தான் முக்கியமாக வந்தேன். கொஞ்சம் சுற்றித்தான் அங்கே போக வேண்டும்.

பூஞ்சை எப்படிச் சாப்பிடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. நாம் சாப்பாட்டை உள்ளே தள்ளி, உள்ளே ஜீரணம் செய்கிறோம். அது தலைகீழ். தன் ஜீரண நீரை வெளியே கசியவிட்டு, சாப்பாட்டை வெளியிலேயே கரைத்து, கரைந்த சாறை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஜீரண நீரில் இருப்பவைதான் நொதிகள். வெளியே கசிவதால்தான் அவற்றைப் பிரித்தெடுப்பது சுலபம். பூஞ்சையை வடிகட்டி நீக்கிவிட்டு, நீரை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்தால் போதும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் 1100 அதுதான், பூஞ்சை இல்லை.

அது கரைப்பது எதை? பெரும்பாலும் தாவரத்தை. தாவரத்தின் செல் சுவரை நம் கட்டடம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுலோஸ்தான் உள்ளே போகும் கம்பி. கம்பியோடு கம்பியைப் பின்னிக் கட்டும் கட்டுக்கம்பி மாதிரி ஹெமிசெல்லுலோஸ். மரத்தில், வைக்கோலில், தேங்காய் நாரில் இருக்கும் லிக்னின்தான் இறுகிப்போன கான்கிரீட். ஒரு செல்லையும் பக்கத்துச் செல்லையும் ஒட்டிவைக்கும் பூச்சுக் கலவை பெக்டின். கொய்யாவை வேகவைத்து ஜெல்லி செய்கிறவர்களுக்கு பெக்டினை நன்றாகத் தெரியும். கட்டடத்தை இடிக்க வரும் ஆட்களில் கம்பி வெட்டுகிறவர் வேறு, காரை பெயர்க்கிறவர் வேறு இல்லையா? அதேபோல் செல்லுலோஸுக்கு செல்லுலேஸ், பெக்டினுக்கு பெக்டினேஸ், ஹெமிசெல்லுலோஸுக்கு சைலனேஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். சுவருக்குள்ளே மூட்டை கட்டி வைத்திருக்கும் ஸ்டார்ச்சை உடைப்பதுதான் நம்முடைய அமிலேஸ்.

இந்தப் பூஞ்சைகள் எல்லாம் எங்கோ வெளிநாட்டு லேபில் இருப்பவை இல்லை. சண்முகம் ரோட்டில் வெங்காயம் வாங்கி வருகிறீர்கள். மேல் தோலில் கரி பூசினாற்போல் கறுப்புப் பொடி இருக்கும். அதுதான் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர். 2021இல் இதைத்தான் 'பிளாக் ஃபங்கஸ்' என்று ஒரு ஃபார்வர்டு சுற்றவிட்டு எல்லோரையும் பயமுறுத்தினார்கள். அந்த நோய் மியூகோர்மைகோசிஸ், அதை உண்டாக்கும் பூஞ்சை வேறு. வெங்காயத்தில் இருக்கும் இந்தக் கறுப்புக்காரர் உணவுத் தொழிலில் பெரிய உழைப்பாளி. பெக்டினேஸ் கொடுப்பவர் இவர். உலகத்தில் தயாராகும் சிட்ரிக் ஆசிட்டில் பெரும்பகுதி இவருடைய தயவுதான். எலுமிச்சம்பழம் பிழிந்து வருவதில்லை.

பெக்டினேஸ் என்ன செய்யும்? ஆப்பிளையோ திராட்சையையோ அரைத்தால் கலங்கலாக, கொழகொழவென்று வரும். பெக்டின் சாறைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கொஞ்சம் பெக்டினேஸ் விட்டுக் காத்திருந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். சாறு கூடுதலாகக் கிடைக்கும், கண்ணாடி மாதிரித் தெளியும். டெட்ரா பேக்கில் வரும் தெளிவான ஆப்பிள் ஜூஸ் இப்படி வருவதுதான். நம் ஃபில்டர் காபிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஏற்காட்டில் காபிப் பழத்தைத் தோலுரித்ததும் கொட்டையின் மேல் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அதிலும் பெக்டின்தான். தொட்டியில் போட்டு ஒரு நாள், ஒன்றரை நாள் புளிக்கவிட்டால் நுண்ணுயிர்களே அதைத் தின்று கரைத்துவிடும். பிறகு கழுவிக் காயவைப்பார்கள். அவசரம் என்றால் பெக்டினேஸ் தெளித்து அந்த நேரத்தைக் குறைக்கலாம்.

இப்போது பிரெட். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கோதுமை மணி முளைக்கத் தொடங்கினால் அதற்குள்ளேயே அமிலேஸ் சுரக்கும். ஐரோப்பாவில் அறுவடை நேரத்தில் மழை பெய்தால் கதிரிலேயே முளை விட்டு, மாவில் அமிலேஸ் அதிகமாகிவிடும். அவர்களுக்கு அது தலைவலி. நமக்கு நேர்மாறு. வட இந்தியாவில் ஏப்ரல் வெயிலில், காய்ந்த காற்றில் அறுவடை. மணியில் அமிலேஸ் மிகவும் குறைவு. அந்த மாவில் பிரெட் போட்டால் ஈஸ்ட்டுக்குத் தின்னச் சர்க்கரை போதாது. பிரெட் உப்பாது, நிறமும் வராது. அதனால்தான் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையின் அமிலேஸை, நூறு கிலோ மாவுக்குச் சில கிராம் என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். அது ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைத்து ஈஸ்ட்டுக்குச் சோறு போடுகிறது. கூடவே சைலனேஸும் சேர்த்தால் மாவில் இருக்கும் ஹெமிசெல்லுலோஸ் தளர்ந்து, மாவு இழுக்கச் சுகமாக இருக்கும். அவனுக்குள் போனதும் பிரெட்டின் நடுப்பகுதியே தொண்ணூறு டிகிரியைத் தாண்டிவிடும். பூஞ்சை அமிலேஸ் அதற்கு வெகு முன்பே, எழுபது டிகிரிக்குள்ளேயே செயலிழந்துவிடும். நீங்கள் தின்பது வெந்துபோன, வேலை முடிந்த ஒரு புரதத்தை. பூஞ்சை அமிலேஸால் பிரெட் சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மிக அரிது.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். முன்பெல்லாம் பிரெட் உப்ப பொட்டாசியம் புரோமேட் போடுவார்கள். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற சந்தேகத்தில் பல நாடுகள் நிறுத்தியிருந்தன. 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பிரெட்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த இடத்தை நிரப்புவதில் இந்த நொதிகளுக்கும், 300 என்று எழுதியிருக்கும் அஸ்கார்பிக் ஆசிட்டுக்கும், அதாவது வைட்டமின் சிக்கும், பங்கு உண்டு. ஆக, நீங்கள் சிவப்பு வட்டம் போட்ட எண் என் கணக்கில் நல்ல செய்தி.

மாமி கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பூஞ்சை விலங்கு இல்லை. சொல்லப்போனால் தாவரமும் இல்லை, தனி ஜாதி. பச்சைப் புள்ளி போடலாம். அது மட்டுமில்லை மாமி, கல்யாண சாப்பாடு முடிந்து வயிறு கனமாக இருந்தால் மெடிக்கலில் ஒரு ஜீரண சிரப் வாங்கிக் குடிக்கிறோமே, லேபிளைப் பாருங்கள். பலவற்றில் 'ஃபங்கல் டயஸ்டேஸ்' என்று எழுதியிருக்கும். டயஸ்டேஸ் என்பது அமிலேஸின் பழைய பெயர். ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானியர் அமெரிக்காவில் இருந்துகொண்டு, கோதுமைத் தவிட்டில் இதே ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசேயை வளர்த்து நொதியைப் பிரித்து 1894இல் காப்புரிமை வாங்கினார். ஜீரண மருந்தாகத்தான் விற்றார்கள். நம் தாத்தா காலத்திலிருந்து குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் இப்போது குரூப்பில் பயப்படுகிறோம்.

மொட்டை மாடித் தோட்டக்காரர்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடமும் ஒன்று இருக்கிறது: ட்ரைக்கோடெர்மா விரிடி. அதன் சொந்தக்காரர் ட்ரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் மக்கி உதிர்ந்தன. பருத்தி என்பது கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். தின்றது யார் என்று தேடிப் பிடித்த பூஞ்சை இது. ஆராய்ச்சி செய்த எல்வின் ரீஸ் பெயரையே பிற்பாடு வைத்துவிட்டார்கள். இன்று தொழிலில் இருக்கும் ரீசி வகைகள் எல்லாம் அந்த ஒரே மாதிரியின் வம்சம். கூடாரத்தைத் தின்றவர் இப்போது பேக்கரிக்கும் ஜூஸ் கம்பெனிக்கும் வேலை பார்க்கிறார். ஜீன்ஸ் பேன்ட்டை வெளுக்க வைப்பதும் அவர்தான்.

சரி, பயப்பட வேண்டியவர் யார் என்று சொன்னேனே, அங்கே வருகிறேன்.

நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றின் பெயர் வேண்டாம். பேக்கரிகளுக்கு 'இம்ப்ரூவர்' கலந்து பாக்கெட் போடும் சின்ன யூனிட் அது. நொதி அப்போது மெல்லிய தூளாக வரும். ஒரு பையன், நாங்கள் எல்லோரும் தம்பி என்றே கூப்பிடுவோம், பையை வெட்டி மிக்ஸரில் கொட்டுவது அவன் வேலை. கொட்டினால் வெள்ளைப் புகை எழும். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொள்வான். அதுதான் பாதுகாப்பு.

ஒரு வருஷம் ஒன்றுமில்லை. பிறகு தும்மல், மூக்கில் ஒழுகல். பிறகு ராத்திரி இருமல். மெட்ராஸ் தூசி, மார்கழிப் பனி என்றோம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தான். ஒரு இருமல்கூட இல்லை. திரும்பி வந்த இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டது. இது எனக்குத் தெரியும். நான்தான் தரக் கட்டுப்பாடு. வந்த நொதிக்கு எவ்வளவு வீரியம் என்று தினமும் டெஸ்ட் செய்து கையெழுத்துப் போட்டேன். அது யார் நெஞ்சுக்குள் போகிறது என்று பார்ப்பது என் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் ஒரு நுரையீரல் டாக்டர்தான், "என்ன வேலை பார்க்கிறாய், லீவு நாளில் குறைகிறதா?" என்று இரண்டே கேள்வி கேட்டுக் கண்டுபிடித்தார். ஆஸ்துமா. அவன் வேலையை விட்டான். இன்றும் பரோட்டா கடையில் மாவு தட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றால் அவனுக்கு நெஞ்சு இறுகும்.

இது அவன் ஒருவனுக்கு வந்த அபூர்வ நோய் இல்லை. இங்கிலாந்தில் சோப்புத் தூளில் பாக்டீரியா நொதி கலந்த தொழிற்சாலைகளில் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது 1969இலேயே மருத்துவ இதழில் வெளியானது. பேக்கரித் தொழிலாளர்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் அமிலேஸால் வரும் ஒவ்வாமையை ஜெர்மானிய மருத்துவர்கள் 1980களில் எழுதினார்கள். நாங்கள் அதையெல்லாம் படிக்கவில்லை. நொதி என்பது புரதம். வயிற்றுக்குள் போனால் பருப்பு மாதிரி அதுவும் ஜீரணமாகிவிடும். மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் சிலருடைய உடம்பு அதை எதிரி என்று குறித்து வைத்துக்கொள்ளும். ஒரு முறை குறித்துவிட்டால் பிறகு துளித் தூளே போதும். அதனால்தான் பெரிய கம்பெனிகள் இப்போது தூசி பறக்காத குருணையாகவோ திரவமாகவோ விற்கின்றன. சின்ன இடங்களில் இன்னும் தூள்தான், கர்ச்சீப்தான். நம்மில் யாருடைய பிள்ளையாவது, தெரிந்தவராவது பேக்கரி யூனிட்டில் வேலை பார்த்தால், அந்த டாக்டர் கேட்ட இரண்டு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்.

நுரையீரல் விஷயத்தை நம் தாம்பரத்தில் பேசுவது புதிதில்லை. சானடோரியம் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்ததே 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய்க்காரர்களுக்குக் கட்டிய ஆஸ்பத்திரியால்தான். இங்கே காற்று நன்றாக இருக்கிறது என்று நம்பிக் கட்டினார்.

இப்போது சி பிளாக் பின்னால் போவோம். நம் கம்போஸ்ட் தொட்டி. நாம் ஒவ்வொருவரும் கொடுக்கும் காய்கறித் தோல், வாழை இலை, பூ எல்லாவற்றையும் அங்கே உடைப்பது யார்? இவ்வளவு நேரம் பேசிய அதே குடும்பம்தான். மேலே தூவும் 'கல்ச்சர்' பொடிகளில் பலவற்றில் ட்ரைக்கோடெர்மா, ஆஸ்பர்ஜில்லஸ் மாதிரியான பூஞ்சைகள் இருக்கும். குவியலில் வெள்ளை நூல் படர்ந்தால் நல்லது, வேலை நடக்கிறது. ஆனால் சூடேறும் குவியலில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்று ஒன்று தானாகவே குடியேறும். ஐம்பது டிகிரியில்கூட வளரும். காய்ந்த குவியலைக் கிளறினால் அதன் வித்துகள் புகையாக எழும். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு அது லேசான விஷயம் இல்லை.

கிளறுவது யார்? நாம் இல்லை. ஹவுஸ்கீப்பிங்கில் இரண்டு அக்காக்கள். துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு. நான் அதைப் பல மாதம் பால்கனியிலிருந்து காபி குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பியின் கர்ச்சீப் போன மாதம்தான் ஞாபகம் வந்தது. இரண்டாவது தடவை.

எனவே கமிட்டியிடம் கேட்பது இதுதான். கிளறுவதற்கு முன் குவியலில் பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரம் இருந்தால் வித்து பறக்காது, மக்குவதற்கும் அதுதான் நல்லது. கல்ச்சர் பொடியைக் காற்றில் தூவாமல், வாளியில் கரைத்து ஊற்ற வேண்டும். சர்ஜிக்கல் மாஸ்க் போதாது, என்95 வாங்கித் தர வேண்டும். அழுக்கானதும் மாற்ற வேண்டும். வீசிங் உள்ளவர்களை அந்த வேலைக்குப் போடக் கூடாது. அதற்காக அவர்கள் சம்பளத்தையும் குறைக்கக் கூடாது. தரைத்தளத்து ஜன்னல்கள் அந்த அரை மணி நேரம் மூடியிருக்கட்டும்.

டி பிளாக்கில் ஒரு மேடம் வீட்டில் சிப்பிக் காளான் வளர்க்கிறார். நல்ல விஷயம். வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கலாம் என்று மைசூர் சிஎஃப்டிஆர்ஐயில் ஜாகியா பானுவும் ஸ்ரீவஸ்தவாவும் 1962இல் காட்டினார்கள். லிக்னின் என்ற கான்கிரீட்டையே உடைக்கும் ஆள் அது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் இதே இனக் காளானை வைத்துத்தான் தென்னை நார்க் கழிவை மக்க வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் மேடம், காளானை விரிந்து ஓரம் சுருளும் வரை விடாமல் முன்னாலேயே அறுத்துவிடுங்கள். முதிர்ந்தால் வெள்ளையாக வித்துத் தூள் கொட்டும். மூடிய அறையில் அதையே தினமும் சுவாசித்த காளான் பண்ணையாட்களுக்கு நுரையீரல் அழற்சி வந்திருக்கிறது. பாத்ரூமில் தொங்கவிட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஜன்னல் உள்ள இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

என் பேச்சு அவ்வளவுதான். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

*(கேட்ட கேள்விகளில் இரண்டு)*

கறுப்புப் பொடி இருக்கும் வெங்காயத்தைச் சாப்பிடலாமா, தூக்கிப் போட வேண்டுமா?

மேலே இரண்டு தோலோடு நின்றுவிட்டால் உரித்து, கழுவி, தாராளமாகச் சமைக்கலாம். உள் அடுக்கு வரை கறுப்பு இறங்கியிருந்தாலோ, அழுத்தினால் மெத்தென்று இருந்தாலோ கம்போஸ்டுக்குக் கொடுத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் நனைத்துக்கொண்டே உரியுங்கள். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் மூட்டையாக வாங்கி வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து உரிக்க வேண்டாம்.

(ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர்) "நீங்க சொல்ற மாஸ்க்க போட்டா மத்தியான வெயில்ல மூச்சு முட்டுது சார். ரெண்டு நிமிஷத்துல கழட்டிடுவோம். அதுக்கு என்ன பண்றது?"

இதை நான் யோசிக்கவே இல்லை அக்கா. கம்போஸ்ட் கிளறுவதை ஏன் பன்னிரண்டு மணிக்கு வைத்தோம் என்று செக்ரட்டரி சாரிடம் கேட்டேன். காலையில் கார் கழுவும் வேலை இருப்பதால் என்றார்.

(ஆசிரியர் குழு குறிப்பு: அடுத்த திங்கள் முதல் கம்போஸ்ட் காலை ஆறே முக்காலுக்குக் கிளறப்படுகிறது. கார் கழுவுதல் ஒன்பது மணிக்குப் பிறகு. இது பற்றிப் புகார் உள்ளவர்கள் கமிட்டியிடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். இதுவரை மூன்று வந்துள்ளன.)